நேத்தோட முடிஞ்சிருச்சு

அஞ்சு வாரமா அந்த போட்டோ கண்காட்சியோட நோட்டீஸை போன்ல சேவ் பண்ணி வச்சிருந்தேன், இந்த சனிக்கிழமை போயிரலாம், சரி அடுத்த சனிக்கிழமை போயிரலாம்னு தள்ளிப்போட்டு தள்ளிப்போட்டு, கடைசியா ஒரு திங்கக்கிழமை லீவு போட்டுட்டு கிளம்பினேன். கதவு தொறந்து தான் இருந்துச்சு. உள்ள போனா ஏணி, தரை முழுக்க பழைய துணி விரிச்சிருக்கு, ஒரு தம்பி செவுத்துல இருக்குற ஆணி ஓட்டைக்கெல்லாம் பட்டி வச்சு அடைச்சுக்கிட்டு இருக்கான். படமெல்லாம் பபுள் ராப் சுத்தி, செவுத்தப் பாத்தாப்புல ஓரமா சாத்தி வச்சிருக்கு. என்னைப் பாத்ததும் "நேத்தோட முடிஞ்சிருச்சுக்கா"ன்னான்.

எனக்கு அப்படியே திரும்பிப் போக மனசு வரல. படத்துக்குப் பக்கத்துல ஒட்டியிருந்த சின்ன கேப்ஷன் அட்டைங்க மட்டும் இன்னும் பிய்க்காம இருந்துச்சு. "தம்பி, இதை மட்டும் ஒரு தடவ படிச்சுட்டு போயிரட்டுமா?"ன்னு கேட்டேன், "படிங்கக்கா, செவுத்துல மட்டும் சாஞ்சுராதீங்க, ஈரம்"னான். ஒண்ணு விடாம படிச்சேன். 'தலைப்பு இல்லை, 1978, ஜெலட்டின் சில்வர் பிரிண்ட்'. அதுக்கு அடுத்து 'மழைக்கு முன், 1983'. அதுக்கு அடுத்து 'அக்காவின் அறை'. ஒவ்வொரு அட்டைக்கும் பக்கத்துல வெறும் வெள்ளச் செவுரு, அதுல பென்சில்ல மெல்லிசா ஒரு கோடு, கோட்டுக்கு நடுவுல குட்டியா ஒரு கூட்டல் குறி. படத்த மாட்டுறதுக்கு முன்னாடி ரசமட்டம் வச்சுப் போட்ட கோடு அது. மழைக்கு முன்னாடி எடுத்த படத்தையும் அக்காவோட ரூமையும் ஏன் பக்கத்துல பக்கத்துல மாட்டினாங்க? யாரோ ரொம்ப நேரம் உக்காந்து யோசிச்சு தான் மாட்டியிருப்பாங்க. அது என்னன்னு இனிமே எனக்குத் தெரிய வழியே இல்ல. படத்த ஒருவேள வேற எங்கயாவது பாத்துரலாம், அந்த போட்டோகிராபரோட புக்குல, இன்னொரு ஊர் கண்காட்சில. ஆனா அந்த செவுரு போயிருச்சு.

அன்னிக்கு தான் எனக்கு இது உறைச்சுச்சு. கண்காட்சின்னா படங்களைப் பாக்குறதுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். படம் முன்னாடியும் இருந்துச்சு, பின்னாடியும் இருக்கும். அந்த அஞ்சு வாரத்துக்கு மட்டும் உயிரோட இருக்குறது படத்துக்கும் படத்துக்கும் நடுவுல இருக்குற அக்கம்பக்கம் தான், எது எதுக்குப் பக்கத்துல, எது எதுக்கு எதிர்ல, ஒரு ரூம்லருந்து அடுத்த ரூமுக்குள்ள நுழையும்போது மொதல்ல கண்ணுல படுறது எது, இதெல்லாம்.

இதுக்கு எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம் 1874. பாரிஸ்ல மோனே, ரெனுவா, தெகா, பெர்த் மோரிசோ எல்லாம் சேந்து சுமார் 30 கலைஞர்கள், அரசாங்கத்தோட பெரிய கண்காட்சிய நம்பி உக்காந்திருக்க வேணாம், நாமளே ஒண்ணு நடத்துவோம்னு ஏப்ரல் 15ல ஆரம்பிச்சு ஒரு மாசம் நடத்துனாங்க. இம்ப்ரெஷனிஸம்ங்கற ஓவிய பாணியோட பேரே அதப் பாத்துட்டு ஒரு விமர்சகர் கிண்டலா எழுதுனதுலருந்து வந்தது தான். பகல்ல வேலைக்குப் போறவங்களும் வரணும்னு ராத்திரி எட்டுலருந்து பத்து வரைக்கும் கூட தொறந்து வச்சாங்க, இத மொத மொத படிச்சப்ப எனக்கு அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு. நடந்த எடம் எது தெரியுமா, நதார்ங்கற பேர் போன போட்டோகிராபரோட பழைய ஸ்டுடியோ. போட்டோ ஸ்டுடியோவுல நடந்தும், உள்ள படங்கள எப்படி மாட்டியிருந்தாங்கன்னு காட்டுற ஒரு போட்டோ கூட நம்ம கைக்கு வந்து சேரல. கேட்டலாக் இருக்கு, பேரு இருக்கு, நம்பர் இருக்கு. அன்னிக்கு நான் படிச்ச கேப்ஷன் அட்டைங்க மாதிரியே தான். ஓவியங்கள் இன்னிக்கு மியூசியம் மியூசியமா பிரிஞ்சு கெடக்கு, அந்த ஒரு மாசத்து செவுரு மட்டும் யாருகிட்டயும் இல்ல.

ஏன் எல்லாத்தையும் நிரந்தரமாவே மாட்டி வைக்கக் கூடாதுன்னு பல பேர் கேப்பாங்க, நானும் கேட்டிருக்கேன். மொத காரணம் வெளிச்சம். பேப்பர்ல இருக்குற எதுவா இருந்தாலும், வாட்டர் கலர், பழைய போட்டோ, கலர் பிரிண்ட், எல்லாத்தையும் வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமா தின்னுக்கிட்டே இருக்கும், நேத்து பட்ட வெளிச்சம் கணக்குல இருந்துக்கிட்டே இருக்கும், இன்னிக்குப் படுறது அதோட சேந்துக்கும், போன நிறம் திரும்ப வராது. அதனால தான் இந்த மாதிரி வேலைகளுக்கு லக்ஸ்ங்கற வெளிச்ச அளவுல 50க்குத் தான் லைட்டு வைப்பாங்க, ஆயில் பெயிண்டிங்குன்னா 200 வரைக்கும் போகலாம். சில மாசம் மாட்டிட்டு எடுத்து இருட்டுப் பெட்டிக்குள்ள வருஷக்கணக்குல ஓய்வு குடுத்துருவாங்க. நுழைஞ்ச உடனே "என்னங்க இது ஒண்ணுமே தெரியல, லைட்டு கூட போட மாட்டாங்களா"ன்னு சலிச்சுக்கிட்டே வெளிய போறவங்கள நெறைய பாத்திருக்கேன். அவங்ககிட்ட எனக்கு சொல்லணும் போல இருக்கும், ஒரு அஞ்சு நிமிஷம் சும்மா நில்லுங்க, கண்ணு பழகட்டும், நிழலுக்குள்ளருந்து ஒவ்வொண்ணா எந்திரிச்சு வரும்.

இதுல ஒரு அழகான விதிவிலக்கு சயனோடைப். ஜான் ஹெர்ஷல் 1842ல கண்டுபிடிச்ச போட்டோ பிரிண்ட் முறை, நீலமா இருக்குமே, அடுத்த வருஷமே அன்னா அட்கின்ஸ்ங்கற அம்மா கடல்பாசிய பேப்பர் மேல வச்சு வெயில்ல காட்டி படமெடுத்து புத்தகமாவே போட ஆரம்பிச்சுட்டாங்க. அந்த நீலம் வெளிச்சத்துல வெளுத்துப்போனாலும் இருட்டுல கொஞ்ச நாள் வச்சா பெரும்பாலும் திரும்பி வந்துரும். ஓய்வு குடுத்தா தேறிக்கிற படம். இத தெரிஞ்சுக்கிட்டதுக்கப்புறம் சயனோடைப் எங்க பாத்தாலும் ஆள் ஒருத்தரப் பாக்குற மாதிரி தான் பாக்குறேன்.

ரெண்டாவது காரணம், எரவல். ஒரு ஓவியரோட வேலை பத்து நாட்டுல பதினஞ்சு மியூசியத்துல கெடக்கும், ஒவ்வொருத்தரையும் கேட்டு, இன்ஷூரன்ஸ் போட்டு, தனித்தனிப் பெட்டி செஞ்சு, கூடவே ஒரு ஆள் வந்து, இறக்கும்போது ஒவ்வொரு கீறலையும் குறிச்சு வச்சு, அதுக்கப்புறம் தான் செவுத்துக்கு வரும். 2023ல ஆம்ஸ்டர்டாம் ரைக்ஸ்மியூசியத்துல வெர்மீர் கண்காட்சி நடந்துச்சு. அவரு வரைஞ்சதா இன்னிக்கு ஒத்துக்குறதே மொத்தம் சுமார் 37 ஓவியம் தான், அதுல 28 ஒரே எடத்துல வந்து சேந்துச்சு. பிப்ரவரிலருந்து ஜூன் தொடக்கம் வரைக்கும், ஆறரை லட்சம் பேர் பாத்தாங்க. அப்புறம் ஒவ்வொண்ணும் அது அது ஊருக்குக் கெளம்பிருச்சு. சொந்தக்காரங்க எல்லாரும் ஒரே வீட்ல கூடுனா சில மூஞ்சிங்க ஒண்ணுக்கொண்ணு எவ்ளோ ஜாடைன்னு அப்ப தான் தெரியும்ல, அது மாதிரி, ஒரே ஜன்னல், ஒரே மஞ்சள் ஜாக்கெட் படத்துக்குப் படம் திரும்பி வர்றது தனித்தனியா பாக்குறவங்களுக்குப் பிடிபடவே படாது.

அக்கம்பக்கம்னு சொன்னேன்ல, அதுல நானே கண்ணால பாத்த ஒண்ணு சொல்றேன். ஒரு குரூப் ஷோல ஒரு பாட்டியோட கை, கை மட்டும், கதவுத் தாழ்ப்பாள் மேல வச்சிருக்காங்க, தோல் முழுக்க சுருக்கம், நரம்பு பொடச்சிக்கிட்டு இடப்பக்கம் மேலருந்து வலப்பக்கம் கீழ எறங்குது. அதுக்கு ஒட்டுன மாதிரி வேற ஒரு ஆளோட படம், மேலருந்து எடுத்த வத்திப்போன ஆத்துப் படுகை, வெடிப்பு வெடிப்பா, அதுலயும் கோடுங்க அதே சாய்வுல எறங்குது. ரெண்டு சட்டத்துக்கும் நடுவுல ஒரு ஜாண் கூட இருக்காது. பாட்டியோட நரம்பு சட்டத்தத் தாண்டி ஆத்துக்குள்ள ஓடுற மாதிரியே இருந்துச்சு, நான் நின்ன எடத்த விட்டு நகரல. ரெண்டு வருஷம் கழிச்சு வேற ஒரு எடத்துல அதே கைப் படத்தப் பாத்தேன், அங்க அந்த போட்டோகிராபர் எடுத்த மத்த உருவப்படங்களோட வரிசையா மாட்டியிருந்தாங்க. நல்ல படம் தான், சந்தேகமே இல்ல. ஆனா அங்க அது ஒரு வயசானவங்களோட கை. ஆறு அதுல இல்ல.

இந்த மாட்டுற வேலைய ஒரு கலையாவே செஞ்சு காட்டுனது 1955ல நியூயார்க் நவீன கலை மியூசியத்துல எட்வர்ட் ஸ்டைக்கன் போட்ட 'மனிதக் குடும்பம்' கண்காட்சி. 68 நாட்டுலருந்து 503 படம். பால் ருடால்ஃப்ங்கற ஆர்க்கிடெக்ட் அதுக்கு எடத்த வடிவமைச்சாரு, சில படம் ஆளுயரத்துக்கு மேல, சிலது கையகலம், சிலது கூரைலருந்து கம்பில தொங்குது, நடந்து போனா ஒரு படத்துக்குப் பின்னாடி இன்னொரு படம் எட்டிப் பாக்கும். எல்லா மனுஷனும் ஒண்ணு தான்னு சொல்லி யாரு யார அடிச்சாங்கங்கறத மறைச்சிருச்சுன்னு அதுக்கு கடுமையான விமர்சனம் இருக்கு, அதுல நியாயமும் இருக்குன்னு தான் நெனைக்கிறேன். ஆனா ஒரு படத்த எங்க வைக்கிறோம்ங்கறதே ஒரு வாக்கியம் எழுதுற மாதிரின்னு அவ்ளோ பேருக்குப் புரிய வச்சது அது. உலகம் சுத்தி வந்த அதுல ஒரு செட் 1994லருந்து லக்சம்பர்க்ல கிளெர்வோ கோட்டைல நிரந்தரமா இருக்கு.

போன்லயே எல்லாத்தையும் பாத்துரலாமேன்னு கேக்குறவங்களுக்கு என் பதில் அளவு. எட்வர்ட் வெஸ்டன்ங்கற போட்டோகிராபர் எட்டுக்குப் பத்து இஞ்ச் நெகட்டிவ்வ அப்படியே பேப்பர் மேல வச்சு அதே அளவுல தான் பிரிண்ட் போடுவாரு, ஒரு நோட்டு அளவு, மூஞ்சிய கிட்ட கொண்டு போய் பாக்கணும், ஒருத்தர் பாத்துக்கிட்டு இருந்தா அடுத்தவர் காத்திருக்கணும். ஆண்ட்ரியாஸ் குர்ஸ்கியோட ரைன் நதிப் படம் மூணரை மீட்டர் அகலம், அதுக்கு பின்னாடி நகந்து நகந்து போகணும். போன்ல ரெண்டும் ஒரே மூணு இஞ்ச். உடம்பு எவ்ளோ தள்ளி நிக்கணும்னு படம் தான் நமக்குச் சொல்லணும், போன்ல நாம தான் படத்துக்கு சொல்றோம்.

அப்புறம் பிரிண்ட்டோட தோல். பழைய ஜெலட்டின் சில்வர் பிரிண்ட்டுகள, அதாவது வெள்ளி உப்பு பூசின பேப்பர்ல போட்ட கறுப்பு வெள்ளைப் படங்கள, நேரா பாத்தா கறுப்பு கறுப்பா தான் இருக்கும். ஒரு தடவ செக்யூரிட்டி அண்ணன் ஒருத்தர் தான் கூப்ட்டு சொன்னாரு, "அப்படி நேரா நிக்காதீங்கம்மா, இந்தப் பக்கமா வந்து சாஞ்சு பாருங்க"ன்னு. சாஞ்சு பாத்தேன். படத்தோட ஓரத்துல, ரொம்ப இருட்டான நிழல் இருக்குற எடத்துல மட்டும், நீலமா ஒரு வெள்ளி மினுமினுப்பு ஓடுது, ராத்திரி தண்ணி மேல நெலா வெளிச்சம் விழுந்தாப்புல. படத்துக்குள்ள இருக்குற வெள்ளி வருஷக்கணக்குல மெல்ல மெல்ல மேல வந்து படிஞ்சது அது. முறைப்படி பாத்தா அது ஒரு பழுது. எனக்கு என்னமோ அந்த படத்துக்கு நரை விழுந்த மாதிரி தான் தோணுச்சு, அந்த நரையோட தான் அது அழகு. ஸ்கேன்ல இது இப்படி வராது, ஏன்னா ஸ்கேனர் சாஞ்சு சாஞ்சு பாக்காது.

கேப்ஷன்ல இருக்குற சின்ன சின்ன விஷயத்தையும் விட்றாதீங்க. 3/10னு இருந்தா மொத்தம் பத்து பிரிண்ட் போட்டதுல இது மூணாவது. வின்டேஜ் பிரிண்ட்னு இருந்தா படம் எடுத்த காலத்துலயே, சில வருஷத்துக்குள்ளயே போட்டது, பின்னாடி போட்டதுக்கு ரெண்டு வருஷம் குறிச்சிருப்பாங்க, எடுத்தது ஒண்ணு, பிரிண்ட் போட்டது ஒண்ணு. இருபது வயசுல எடுத்த படத்த அறுபது வயசுல ஒருத்தர் பிரிண்ட் போடும்போது பெரும்பாலும் இன்னும் இருட்டா போடுறாரா இல்ல வெளுப்பா போடுறாரான்னு பாத்தா அந்த ஆளப் பத்தியே ஏதோ தெரியுது.

எவ்ளோ நேரம் பாக்கணும்? நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்துல ஜனங்க ஒரு ஓவியத்துக்கு முன்னாடி எவ்ளோ நேரம் நிக்குறாங்கன்னு கணக்கெடுத்து 2001ல வெளியிட்டாங்க, சராசரி 27 செகண்ட், பாதிப் பேர் 17 செகண்டுக்குள்ள நகந்துட்டாங்க, அதுலயே கேப்ஷன் படிக்கிற நேரமும் சேத்தி. நான் பண்றது இது தான், மொத சுத்து எதையும் படிக்காம மெதுவா ஒரு நடை, எது கூப்புடுதோ அத மட்டும் மனசுல குறிச்சுக்குவேன். ரெண்டாவது சுத்துல அந்த மூணோ நாலோ படத்துக்கிட்ட மட்டும் போவேன், பத்து நிமிஷம் நிப்பேன். மத்ததுக்கு துரோகம் பண்ற மாதிரி மொதல்ல இருந்துச்சு, இப்ப இல்ல, அம்பது பேர் இருக்குற கூட்டத்துல அம்பது பேர்கிட்டயும் நாம மனசு விட்டுப் பேசுறதில்லையே.

ஒரு நாளைக்கு ரெண்டு கண்காட்சிக்கு மேல வேண்டவே வேண்டாம். பெரிய சிட்டில ஒரே தெருவுல நாலு கேலரி இருக்கும், வந்தது வந்தோம் எல்லாத்தையும் பாத்துருவோம்னு தோணும், மூணாவதுல கண்ணு பாத்தாலும் உள்ள எதுவும் எறங்காது, காலு வேற கெஞ்சும். பாஸ்டன் மியூசியத்துல வேலை பாத்த பெஞ்சமின் கில்மன் 1916லயே இந்த சோர்வப் பத்தி கட்டுரை எழுதியிருக்காரு, ஒரு ஆள கண்ணாடிப் பெட்டிக்கு முன்னாடி குனிய வச்சு, குந்த வச்சு, எட்டிப் பாக்க வச்சு போட்டோ எடுத்து, பாருங்க இந்த பாடு பட்டா பாத்தது எப்படி மனசுல நிக்கும்னு காட்டியிருக்காரு. நடுவுல பெஞ்ச் போட்டிருந்தா தயங்காம உக்காருங்க, அது படம் பாக்கத் தான் போட்டிருக்கு.

சின்ன கேலரிக்குள்ள நுழைய நெறைய பேருக்கு பயம். கண்ணாடிக் கதவு, உள்ள ஒரே ஒரு ஆள் கம்ப்யூட்டர்ல உக்காந்திருப்பாங்க, சத்தமே இருக்காது, வாங்குறவங்க மட்டும் தான் போகணுமோன்னு வெளியவே நின்னுட்டுத் திரும்பிருவோம். அப்படியெல்லாம் இல்லங்க. பெரும்பாலான கேலரிக்கு டிக்கெட்டே கெடையாது, யாரு வேணாலும் போகலாம், மேஜைல இருக்குறவங்ககிட்ட படங்களோட லிஸ்ட் கேட்டா குடுப்பாங்க, கூட்டம் இல்லன்னா அவங்களே எந்திரிச்சு வந்து ஒவ்வொண்ணையும் சொல்லுவாங்க. வார நாள் காலைல போங்க. திறப்பு விழா அன்னிக்குப் போனா கலைஞரப் பாக்கலாம், படத்தப் பாக்க முடியாது, முதுகு தான் தெரியும். கண்ணாடி போட்ட படங்கன்னா கருப்பு சட்டை போட்டுட்டுப் போங்க, இல்லன்னா இருட்டான படத்துக்கெல்லாம் நடுவுல நம்ம சட்டை தான் தெரியும்.

அந்த திங்கக்கிழமைக்கு அப்புறம் ஒரு பழக்கம் வந்துச்சு. ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் எடுத்துட்டுப் போறேன், பேனாவ பல மியூசியத்துல உள்ள விட மாட்டாங்க, பென்சிலுக்கு தடை கெடையாது. படத்த வரையுறதில்ல. செவுத்த வரையுறேன். ஒரு செவுத்துக்கு ஒரு பக்கம், படம் இருக்குற எடத்துல சும்மா ஒரு கட்டம், உள்ள ஒரே ஒரு வார்த்தை. 'கை'. 'ஆறு'. 'நாற்காலி'. போட்டோ எடுக்கக் கூடாதுன்னு போர்டு வச்ச எடத்துல கூட இதுக்கு யாரும் ஒண்ணும் சொன்னதில்ல. வீட்டுக்கு வந்து அந்த பக்கத்த தொறந்தா ரூமே திரும்ப நிக்குது, எந்தக் கட்டத்துக்கிட்ட திரும்பினேன், எங்க நின்னேன்னு எல்லாம்.

போன மாசம் ஒரு கண்காட்சிக்கு மொத வாரமும் போனேன், கடைசி நாள் கடைசி ஒரு மணி நேரமும் போனேன். கூட்டம் கலைஞ்சு போச்சு. மூலைல நாற்காலி போட்டு உக்காந்திருந்த தம்பி, ஆறு வாரமா தெனம் அதே எடத்துல ட்யூட்டியாம், நான் கட்டம் போடுறத எட்டிப் பாத்துட்டு, "என்ன எழுதுறீங்கக்கா"ன்னு கேட்டான். காட்டினேன். அவனுக்கு எதிர்ல இருந்த படம் ஒரு சலூன், காலியான நாற்காலி, பெரிய கண்ணாடி, நான் அந்தக் கட்டத்துல 'சலூன்'னு எழுதியிருந்தேன். "கண்ணாடிக்குள்ள கீழ மூலைல பாருங்க"ன்னான். குனிஞ்சு பாத்தேன், ஒரு குட்டிப் பையனோட கால், செருப்பில்லாம, தரைக்கு எட்டாம தொங்குது. யாரோ பெஞ்சுல உக்காந்து தன்னோட முறைக்கு காத்துக்கிட்டு இருக்கான். ரெண்டு தடவ வந்தும், அவ்ளோ நேரம் நின்னும், நான் அதப் பாக்கல.

"எனக்கே பத்து நாள் ஆச்சுக்கா"ன்னான். "அதுக்கப்புறம் அவன் எப்ப தான் எந்திரிச்சு நாற்காலிக்கு வருவானோன்னு தெனம் பாத்துக்கிட்டே இருக்கேன்."

அடுத்த ரூம்ல லைட்ட அணைக்க ஆரம்பிச்சுட்டாங்க. நான் 'சலூன்'ன அடிச்சுட்டு 'கால்'னு எழுதினேன்.